துளை ஏன் நீர்த்துளி ஆனது?

2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் இஸ்ரோ ஓர் என்ஜினை 665 விநாடிகள் எரியவிட்டுச் சோதித்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையில் இருக்கும் அதே பி.எஸ்.4 என்ஜின்தான், ஆனால் இது லேசரால் அச்சிடப்பட்டது. முன்பு 14 பாகங்களாகச் செய்து ஒட்டியதை ஒரே பாகமாக்கியதில் 19 வெல்டிங் இணைப்புகள் தேவையில்லாமல் போயின. இத்தகைய செய்திகளைப் படித்தால், கம்ப்யூட்டரில் எதை வரைந்தாலும் உலோகத்தில் எடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படி இல்லை.

லேசரால் அச்சிடும் இயந்திரம் உலோகப் பொடியை மெல்லிய படுகையாகப் பரப்புகிறது. ஓர் அடுக்கு சுமார் 0.04 மி.மீ. வேண்டிய இடத்தை மட்டும் லேசர் உருக்குகிறது. மேடை ஓர் அடுக்கு இறங்க, மறுபடி பொடி. உருகும் இடத்துக்கு அடியில் கெட்டி உலோகம் இருந்தால் சூடு அதன் வழியே இறங்கிவிடும். வெறும் பொடி இருந்தாலோ, துகள்களுக்கு நடுவே இருக்கும் வாயு சூட்டை எளிதில் விடாது. உருகிய குழம்பு கீழே கசிந்து, அடிப்பரப்பு சொரசொரவென்று தொங்கும்.

அதனால்தான் சரிவு கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்குக் குறையக்கூடாது என்ற கணக்கு. கொத்தனார் செங்கல்லைக் கீழ்வரிசையைவிடச் சற்றே முன்தள்ளி வைப்பதுபோல, 45 டிகிரிச் சரிவில் ஒவ்வோர் அடுக்கும் 0.04 மி.மீ. மட்டுமே வெளியே நீளும். சரிவை 20 டிகிரியாகப் படுக்கவைத்தால் அது 0.11 மி.மீ. ஆகிவிடும். லேசர் புள்ளியின் அகலமே ஏறக்குறைய 0.1 மி.மீ.தான், முழுப் புள்ளியும் பொடிமேல் விழும்.

முட்டுக்கொடுத்தால் போயிற்று என்பீர்கள். கொடுக்கிறார்கள். ஆனால் கான்கிரீட் தளத்துக்கு அடியில் நிற்கும் சவுக்குக் கட்டை போன்றதல்ல இந்த முட்டு. ஆறும் உலோகம் சுருங்கி, ஓரம் காய்ந்த இலைபோல மேல்நோக்கிச் சுருளும். சுருண்டால் பொடி பரப்பும் பலகை வந்து இடிக்கும். ஆக, முட்டின் வேலை தாங்குவதைவிட இழுத்துப் பிடிப்பதும் சூட்டைக் கடத்துவதுமே. நைலான் பொடியில் அச்சிடுபவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே சுற்றியிருக்கும் பொடியே போதும்.

வேலை முடிந்ததும் முட்டுகளை அறுத்தெடுக்க வேண்டும். வெளியே என்றால் சரி. என்ஜின் சுவருக்குள் வளைந்து ஓடும் குளிரூட்டும் குழாய்க்குள் எந்த அரத்தை நுழைப்பது? ஆகவே குழாயின் வடிவத்தையே மாற்றிவிடுகிறார்கள். கிடையாக ஓடும் துளை சில மில்லிமீட்டர் வரை வட்டமாகவே இருக்கலாம். அதற்குமேல் பெரிதானால் அதன் கூரை தொங்கிவிடும்; அதனால் உச்சியைக் கூராக்கி நீர்த்துளிபோல வரைவார்கள். அழகுக்காகச் செய்ததென்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

கடைசியாகப் பொடி. வழியே இல்லாத உள்ளறையை வரைந்தால், உருகாத பொடி உள்ளேயே கிடக்கும். வெளியேற ஒரு துளையாவது வைத்தாக வேண்டும். குழாய்களில் சிக்கியதைத் தட்டியும் அதிரவைத்தும் திருப்பித் திருப்பிக் கவிழ்த்தும் கொட்டுவார்கள். சுருங்கும்போது உலோகத்துக்குள் தேங்கிய இழுவிசையைத் தணிக்கப் பாகத்தை உலையில் வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மறந்தால் பொடி அங்கேயே இறுகி ஒட்டிக்கொள்ளும். குழாய் அடைத்தது அடைத்ததுதான்.