மாநிலம் திருப்பித் தந்த பணத்துக்கும் வரியா?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜனவரி கடைசியில் வரும் படிவங்களில் வீண் பதற்றம் தருவது 1099-ஜி. மாநில அரசு திருப்பித் தந்த வருமான வரித் தொகை அதன் 2-ஆம் கட்டத்தில் இருக்கும். அதே தகவல் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் போகிறது. அதனாலேயே பலர் அந்தத் தொகையை அப்படியே வருமானத்தில் சேர்த்து, கட்ட வேண்டாத வரியைக் கட்டிவிடுகிறார்கள்.

எந்த ஆண்டுக்கான ரீஃபண்டோ, அந்த ஆண்டின் மத்திய ரிட்டர்னை முதலில் எடுங்கள். அதில் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுத்திருந்தால், ரீஃபண்டுக்கு ஒரு டாலர்கூட மத்திய வரி கிடையாது. ஷெட்யூல் ஏ நிரப்பி மாநில வருமான வரியைக் கழித்திருந்தால்தான் கேள்வியே எழும். அப்போதும், கழித்ததால் கிடைத்த ஆதாயத்தின் அளவுக்குத்தான் வரி.

2024-இல் ஒரு தம்பதி மாநில வருமான வரி 7,000, சொத்து வரி 2,000, வீட்டுக்கடன் வட்டி 21,000 என மொத்தம் 30,000 டாலர் கழித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தம்பதிக்கான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 29,200. ஆக, கூடுதல் ஆதாயம் 800தான். 2025-இல் மாநிலம் 1,200 டாலர் திருப்பித் தந்தாலும், வருமானத்தில் சேர்க்க வேண்டியது 800 மட்டுமே.

அவர்களுடைய சொத்து வரி 6,000 ஆக இருந்திருந்தால்? இரண்டு வரிகளும் சேர்ந்து 13,000. ஆனால் அன்று கழிக்க முடிந்த உச்சவரம்பு 10,000. ரீஃபண்டைத் தள்ளினாலும் வரம்புக்கு மேலேயே நிற்கிறது. எனவே வரி இல்லை.

நம்மவர்கள் அதிகம் இடறுவது 1040-என்ஆர் தாக்கல் செய்த ஆண்டில்தான். வரிச் சட்டப்படி அயலாராக இருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கிடையாது. மாநில வரியைத்தான் கழித்திருப்பார்கள். அதனால் மறு ஆண்டில் வரும் ரீஃபண்டு பெரும்பாலும் வருமானமாகிவிடும். இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் வந்த மாணவர்களுக்கு மட்டும் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு விலக்கு தருகிறது; அவர்கள் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கலாம். இலங்கை மாணவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஒரே அறையில் தங்கிப் படிக்கும் இருவரில் ஒருவருக்கு வரி உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்பது இப்படித்தான். நண்பர் செய்ததைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

ரீஃபண்டு கைக்கு வராமல் அடுத்த ஆண்டு வரிக்கோ பழைய பாக்கிக்கோ ஈடுகட்டப்பட்டாலும் வந்ததாகவே கணக்கு. தாமதத்துக்காக மாநிலம் வட்டி கொடுத்திருந்தால், ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுத்தவருக்கும் அந்த வட்டி வருமானம்தான். சில மாநிலங்கள் 1099-ஜியைத் தபாலில் அனுப்புவதில்லை. அவற்றின் இணையதளத்தில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சேர்க்க வேண்டியதை விட்டுவிட்டால் சிபி2000 என்ற கடிதம் வரலாம். அது அபராத உத்தரவு அல்ல, கணக்கைத் திருத்தச் சொல்லும் முன்மொழிவு. அதிலுள்ள கெடு தேதிக்குள் பதில் போட வேண்டும். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுத்திருந்தால், ஒப்பவில்லை என்று குறித்து, முந்தைய ரிட்டர்னின் நகலை இணைத்தனுப்புங்கள். பயந்து பணம் கட்டிவிட வேண்டாம். கெடுவைத் தவறவிடவும் வேண்டாம்.

ஏற்கெனவே தேவையில்லாமல் கட்டியவர்கள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தித் திரும்பக் கேட்கலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்து மூன்று ஆண்டுகள், அல்லது வரி கட்டி இரண்டு ஆண்டுகள், இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதுவரை அவகாசம் உண்டு.