பியார்னே ரீஸ்

பியார்னே ரீஸ் (பிறப்பு: ஏப்ரல் 3, 1964, ஹேர்னிங், டென்மார்க்) ஓய்வு பெற்ற டேனியத் தொழில்முறைச் சாலை மிதிவண்டிப் பந்தய வீரர் ஆவார். 1996 ஆம் ஆண்டில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற இவரே அப்பந்தயத்தில் முதலிடம் பெற்ற முதல் டேனியர். அவ்வெற்றியின்போது ஊக்கமருந்து பயன்படுத்தியதாக 2007 இல் இவரே அறிவித்தார்.

விளையாட்டு வாழ்க்கை

ரீஸ் 1986 இல் தொழில்முறை வீரரானார். தொடக்க ஆண்டுகளில் இவர் அணித்தலைவருக்கு உதவும் வீரராகவே இருந்தார். சாலைப் பந்தயத்தில் உதவி வீரர் முன்னே சென்று காற்றின் எதிர்ப்பைத் தாங்குவார்; பின்னால் ஒட்டி வரும் தலைவருக்கு மிதிக்கும் உழைப்பு கணிசமாகக் குறையும். 1989 இல் பிரெஞ்சு வீரர் லாரன் ஃபினியோன் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தை வென்றபோது ரீஸ் அவருடைய அணியில் இருந்தார்.

டூர் டி பிரான்ஸ் மூன்று வாரங்கள் நடைபெறும் பந்தயம். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். இதில் ரீஸ் 1991 இல் 107 ஆவது இடத்தையும், 1993 இல் 5 ஆவது இடத்தையும், 1995 இல் 3 ஆவது இடத்தையும் பெற்றார். இத்தகைய முன்னேற்றம் அக்காலத்திலேயே வியப்புடன் பார்க்கப்பட்டது.

1996 இல் டெலிகாம் அணியின் தலைவராகக் களமிறங்கினார். பனிப்பொழிவால் 46 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்ட செஸ்ட்ரியேரே கட்டத்தை வென்று, முன்னிலை வீரருக்குரிய மஞ்சள் சட்டையைப் பெற்றார். பின்னர் பிரனீசு மலையில் உள்ள ஓட்டாகாம் ஏற்றத்தில் (100 மீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 8 மீட்டர் உயர்வு) வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துப் பின்தங்கி, போட்டியாளர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, திடீரெனப் பாய்ந்து தனியே சென்று வென்றார். தொடர்ந்து ஐந்து முறை வென்றிருந்த எசுப்பானியரான மிகேல் இந்துராயினின் ஆதிக்கம் அவ்வாண்டில் முடிவுற்றது.

1997 இல் ஆம்ஸ்டெல் கோல்டு பந்தயத்தை வென்றார். 1999 இல் ஏற்பட்ட விபத்தின் காயங்களால் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார்.

ஊக்கமருந்து

எரித்ரோபொயட்டின் (சுருக்கமாக ஈபிஓ) சிறுநீரகத்தில் சுரக்கும் இயக்குநீர். குருதியில் சிவப்பணுக்களைப் பெருக்குவது. குருதித் தூய்மிப்புச் சிகிச்சை (டயாலிசிஸ்) பெறும் நோயாளிகளின் குருதிச்சோகைக்கு இம்மருந்து ஊசியாகப் போடப்படுகிறது. நலமுள்ள வீரருக்குச் செலுத்தினால் தசைகளுக்குக் கூடுதல் உயிர்வளி சென்று சேரும். ஆனால் குருதி தடித்து, உறைகட்டி உண்டாகும் அபாயமும் கூடும்.

1990களில் இதனைக் கண்டறியும் சோதனை இல்லை. எனவே 1997 இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம், குருதியில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று மட்டும் விதித்தது. ரீசுக்கு "திரு. 60 விழுக்காடு" என்ற ஏளனப் பட்டப்பெயர் இருந்தது.

மே 25, 2007 அன்று கோபனாவனில் செய்தியாளர்களைச் சந்தித்த ரீஸ், 1993 முதல் 1998 வரை ஈபிஓ, வளர்ச்சி இயக்குநீர், கார்ட்டிசோன் ஆகியவற்றைப் பயன்படுத்தியதாகக் கூறினார். முற்கூறிய 107, 5 ஆகிய இடங்களை இவ்வாண்டுகளுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெற்றியின் நிலை

பந்தய அமைப்பாளர்கள் 2007 இல் ரீசின் பெயரை வெற்றியாளர் பட்டியலிலிருந்து நீக்கினர். 2008 இல் ஒரு குறிப்புடன் மீண்டும் சேர்த்தனர். தண்டிப்பதற்கான எட்டாண்டுக் காலவரம்பு கடந்துவிட்டிருந்தது. மேலும், 1996 இல் இரண்டாமிடம் பெற்ற யான் உல்ரிக், மூன்றாமிடம் பெற்ற ரிஷார் விரான்க் ஆகியோரும் தத்தம் வாழ்க்கையில் ஊக்கமருந்து முறைகளைக் கையாண்டதைப் பின்னர் ஒப்புக்கொண்டவர்களே. பட்டத்தை யாருக்கு மாற்றித் தருவது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை.

2022 இல் யோனாஸ் விங்கேகோர் இப்பந்தயத்தை வென்ற இரண்டாவது டேனியரானார். அவ்வாண்டு ஓட்டாகாம் கட்டத்தையும் அவரே வென்றார்.

அணி மேலாளர்

ஓய்வுக்குப் பின் ரீஸ் சிஎஸ்சி (பின்னர் சாக்சோ வங்கி) அணியை நடத்தினார். இவ்வணியின் கார்லோஸ் சாஸ்த்ரே 2008 டூர் டி பிரான்சை வென்றார். 2013 இறுதியில் அணியை உருசியத் தொழிலதிபர் ஒலேக் தின்கோவுக்கு விற்றார். 2015 மார்ச்சில் மேலாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வாண்டு வெளியான டேனிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை, தம் அணியினர் சிலர் ஊக்கமருந்து பயன்படுத்துவதை அறிந்தும் இவர் தடுக்கவில்லை என்றது. அதற்கும் காலவரம்பு கடந்திருந்தது. 2020 இல் என்டிடி அணியின் மேலாளராகச் சில மாதங்கள் பணியாற்றினார்.