மூஞ்சூறுக்கும் மூளை உண்டு!



நம்ம ஜெகதளாவில் இருட்டினதும் சுவர் ஓரமா 'கீச் கீச்'னு ஓடுமே மூஞ்சூறு, அதை "எலி, எலி"ன்னு துரத்தி அடிக்கிறோம். அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி. உலகின் முதல் பாலூட்டிகளும் பார்க்க ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. அதனால்தான் அதன் மூளையைப் பற்றி எழுதுகிறேன்.

மூளை அழுகிப் போய்விடும். ஆனால் மண்டையோட்டின் உட்குழி அதன் வடிவத்தைக் காட்டிக் கொடுக்கும். சீனாவின் யுன்னானில் கிடைத்த 'ஹாட்ரோகோடியம்' சுமார் 19½ கோடி ஆண்டு பழையது. எடை 2 கிராம்தான்! 2011-ல் டிமோத்தி ரோவ் குழுவினர் இதன் மண்டையோட்டையும் 'மார்கனுகோடான்' மண்டையோட்டையும் சி.டி. ஸ்கேன் செய்து ஆராய்ந்தார்கள். மோப்பம் பிடிக்கும் பகுதி நன்றாக வளர்ந்திருந்தது. பகலில் டைனோசர்களின் ராஜ்யம். இரவில் இரை தேட மூக்கும், உடம்பு முடியின் தொடு உணர்வும்தானே கை கொடுக்கும்?

நம் நாட்டிலும் கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைகளில் அக்காலப் பல் கிடைத்தது. 1981-ல் அதற்குக் 'கோட்டாதீரியம்' என்று பெயர் வைத்தார்கள். பல்லை வைத்து மூளையை அளக்க முடியாதே!

சரி, என்ன மாறியது? பெருமூளையின் மேலே போர்வை போல இருக்கும் சாம்பல் நிறப் பகுதிதான் புறணி. ஊர்வனவற்றுக்கு அது 3 அடுக்கு. பாலூட்டிகளுக்குப் பெரும்பகுதி 6 அடுக்கு. தேயிலைத் தோட்டத்தை 1-ம் நம்பர், 2-ம் நம்பர் என்று பிரிப்பது போல, பார்க்க ஒரு இடம், கேட்க ஒரு இடம், தொட்டு உணர ஒரு இடம் என்று புறணியும் பிரிந்திருக்கிறது. இன்றைய பாலூட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஜான் காஸ், முதல் பாலூட்டிகளுக்குச் சுமார் 20 இடங்கள் இருந்திருக்கும் என்கிறார். மனிதனுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் 180 என்று 2016-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தோட்டம் பெரிதானது, நம்பர்களும் கூடின. மண்டைக்குள் அடங்க வேண்டுமே, அதனால் புறணி மடிந்து சுருங்கியது.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5132 வெட்டுகளாகப் படம் பிடித்து, 'தாரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. அந்த அடுக்குகள் எப்படி உருவாகின்றன என்று அறிய அது உதவும்.

மூஞ்சூறு நமக்குத் தாத்தா இல்லை, தூரத்துப் பங்காளி. 'டே மூஞ்சூறு' என்ற ஓர் இனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது, நம் நீலகிரியிலும் உண்டு. நாம் வைக்கும் எலி மருந்து ஆள் பார்த்தா கொல்லும்? அழிந்துபோனால் எந்த ஸ்கேனும் திரும்பக் கொண்டுவராது. இனி கீச் சத்தம் கேட்டால் விளக்குமாற்றைத் தேடாதீங்க, கொஞ்சம் வழி விடுங்க!