தலை வலிக்குது டீச்சர்!

குட்டீஸ், எட்டயபுரம், கோவில்பட்டி பக்கம் கோடையில் போயிருக்கிறீர்களா? ஈரம் வற்றிய கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நம் உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் அப்படித்தான், தலைவலி வந்துவிடும்.

ஒரு வேடிக்கை தெரியுமா? மூளைக்கு வலியே தெரியாது! அதை மூடியிருக்கும் உறை, ரத்தக் குழாய்கள், தலை, கழுத்துத் தசைகள் ஆகியவைதான் வலியை உணர்கின்றன.

அடிக்கடி தலை வலிப்பது ஏன்?

* தாகம்: பள்ளியில் கழிப்பறைக்குப் போகத் தயங்கி, சிலர் தண்ணீரே குடிப்பதில்லை. இது தவறு. கழிப்பறை சரியில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

* பசி: காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதீர்கள். பழைய சோறோ, கம்பங்கூழோ, எதுவானாலும் சாப்பிடுங்கள். பசியோடு இருந்தால் பாடம் ஏறாது என்றுதான் 2022-ல் தமிழக அரசு, தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது.

* தூக்கம்: இரவில் 9 மணி நேரமாவது தூங்குங்கள். செல்போனுக்கும் ஓய்வு கொடுங்கள்.

* கண்: கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதா? கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாலும் தலை வலிக்கும். கண்ணாடி போட வெட்கப்படாதீர்கள்.

* பரம்பரை: அம்மா, அப்பாவுக்கு ஒற்றைத் தலைவலி இருந்தால் உங்களுக்கும் வரலாம். அப்போது வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது.

நீங்களாகவே பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, தலையில் அடிபட்ட பின் வலித்தாலோ, வாந்தி விடாமல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான்' என்பார்களோ என்று பயந்து வலியை மறைக்காதீர்கள். எப்போது, எங்கே வலிக்கிறது என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அதில்தான் இருக்கிறது!