சம்பளமும் வீடும் சேர்ந்தே வந்த ஊர்

சிங்கப்பூரின் தோ பாயோவை வெறும் குடியிருப்புப் பேட்டையாகப் பார்ப்பவர்கள் அதன் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள். வீடு ஒரு பக்கமும் வேலை மறு பக்கமுமாகத் திட்டமிட்டே எழுப்பிய நகர் அது. இன்று அங்கே மூத்தோர் பேசும் குத்தகைக் கவலைக்கும் வேர் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது அந்த இடம் சதுப்பும் காய்கறித் தோட்டமும் பன்றிப் பண்ணையுமாக இருந்தது. இழப்பீடு போதாது என்று குடியிருந்தவர்கள் எதிர்த்ததால் வேலை தாமதப்பட்டது. பிறகு குன்றுகளை வெட்டிச் சதுப்பை மேடாக்கி, 1960களின் நடுப்பகுதியில் கட்டத் தொடங்கினார்கள். குவீன்ஸ்டவுனுக்கு அடுத்த துணைநகர் இதுதான். அன்றைய கழக வீடுகளில் ஓரறைக்கு மாதம் 20 வெள்ளி வாடகை, மூவறைக்கு 60 வெள்ளி. அந்த அறுபதைக் கட்ட முடியாத குடும்பங்கள் ஏராளம்.

ஆக, வீடு மட்டும் போதாது, சம்பளமும் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்ற அறிவிப்பு 1968 ஜனவரியில் வந்ததும் நெருக்கடி முற்றியது. படைத்தளங்களை நம்பிப் பிழைத்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் கணிசம். அரசு அந்த ஆண்டே வேலைவாய்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்தது. தோ பாயோ லோரோங் 1-இல் பிலிப்ஸ் வந்தது, லோரோங் 3-இல் ஃபேர்சைல்ட் ஆலை இயங்கியது.

ஆலைகள் குடியிருப்பின் ஓரத்திலேயே அமைந்ததற்குக் காரணம் பெண்கள். அதுவரை சம்பள வேலைக்குப் போகாத இளம் பெண்கள் நடந்தே போய்வரும் தூரத்தில் ஆலை இருந்தால், வீட்டாரும் அனுப்பச் சம்மதிப்பார்கள். மின்னணு ஆலைகளில் அவர்கள் செய்த வேலை சுலபமானதல்ல. நகக்கண் அளவுகூட இல்லாத சிலிக்கான் சில்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, முடியைவிட மெல்லிய உலோகக் கம்பியை அதன் முனைகளில் ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும். ஷிப்ட் முடியும்வரை கண்ணை எடுக்க முடியாது, கை நடுங்கக் கூடாது. சிங்கப்பூரின் வளர்ச்சியைப் பேசும்போது அமைச்சர்களின் பெயர்களோடு இந்தப் பெண்களின் கண்களையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தச் சம்பளத்தை வீட்டோடு முடிச்சுப் போட்டது மத்திய சேம நிதி. மசே நிதிச் சேமிப்பை வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்று 1968-இல் அனுமதி கிடைத்தது. முன்பணமும் மாதத் தவணையும் கையில் வராத பணத்திலிருந்தே போயின. வாடகைக்காரர் உரிமையாளரானார், ஆனால் வேலை நின்றால் தவணையும் நிற்கும். தொழிலாளிக்கு வீடும் முதலாளிக்கு நிலையான ஆட்களும் கிடைத்த ஏற்பாடு இது.

1979-இல் அரசு உயர்சம்பளக் கொள்கைக்கு மாறியதும், குறைந்த சம்பளத்தை நம்பிய ஆலைகளுக்கு இங்கே நிற்பது கடினமாயிற்று. பொருத்தும் வேலைகள் அண்டை நாடுகளுக்கு நகர்ந்தன. 1987 நவம்பரில் நாட்டின் முதல் பெருவிரைவு ரயில் யோ சூ காங்கிலிருந்து தோ பாயோவுக்கு ஓடி, பாதை மெல்ல நீண்டபின், வேலை தொலைவில் இருந்தாலும் போய்வர முடிந்தது. வேலை இடம் மாறியது, வேலை பார்த்தவர்கள் அங்கேயே மூப்படைந்தார்கள்.

இப்போது அவர்கள் கையிலிருக்கும் பெரிய சொத்து அந்த வீடுதான். அதுவும் 99 ஆண்டுக் குத்தகை. குத்தகையின் கடைசிப் பகுதியைக் கழகத்திடமே விற்று ஓய்வூதியத் தொகையாக்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போவதானால் நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் இந்தியரும் பிற இனத்தவரும் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2010-இல் உயர்த்தப்பட்ட வரம்பு இது. வரம்பு நிறைந்த புளோக்கில் சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை இந்தியர் வாங்க முடியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் இந்தியர் விற்பதென்றால் யாருக்கும் விற்கலாம். ஆனால் சீனர் வரம்பு நிறைந்திருந்தால், சீனர் அல்லாதவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் இறங்கும். இனக் கலவை நல்ல நோக்கம்தான், ஆனால் அதன் செலவைச் சிறுபான்மையினர் அதிகம் சுமப்பது நியாயமல்ல. 2022 மார்ச் முதல், இப்படி விற்க முடியாமல் தவிப்போரில் பத்தாண்டுக்கு மேல் வீடு வைத்திருப்பவர்களிடமிருந்து கழகமே வாங்கிக்கொள்ள முன்வந்தது.

பழைய புளோக்குகளை இடித்துப் புது வீடு தரும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது என்று 2017-இலேயே அரசு சொல்லிவிட்டது. மறு ஆண்டு அறிவிக்கப்பட்ட புதிய திட்டத்தில், சுமார் 70 ஆண்டு பழமையான வீடுகளின் குடியிருப்பாளர்கள், குத்தகை முடியுமுன்பே வீடுகளை அரசிடம் விற்பதா என்று வாக்களித்து முடிவு செய்யலாம். இழப்பீடு முன்னைய அளவுக்குத் தாராளமாக இராது. தோ பாயோவின் முதல் புளோக்குகள் 2030களின் பிற்பகுதியில் அந்த வயதை எட்டும். குத்தகையில் இன்னும் முப்பது ஆண்டு பாக்கியிருக்க, தொண்ணூறை நெருங்கும் ஓர் ஆலைத் தொழிலாளி பணத்துக்கு வாக்களிப்பாரா, இருந்த இடத்திலேயே இருக்க வாக்களிப்பாரா என்பது இழப்பீட்டுத் தொகையைப் பொறுத்தது.