சிரிப்பு கதைக்குள் குடியேறிய காலம்

திரையில் சிரிப்பு – 9

போன வாரம் கவுண்டமணி, செந்திலுக்காக ஏ.வீரப்பன் எழுதிய காமெடி டிராக்குகளைப் பற்றிப் பார்த்தோம். கதை ஒரு பக்கம் நடக்கும். சிரிப்பு தனித் தண்டவாளத்தில் வந்துபோகும். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியைப் படத்திலிருந்து தனியே எடுத்துப் போட்டாலும் இன்றும் வீடே சிரிக்கிறது. அந்தக் கலைஞர்களின் திறமைக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால், சமீப ஆண்டுகளில் வந்த நல்ல நகைச்சுவைப் படங்களில் அப்படிக் கழற்றி எடுக்க எதுவும் இல்லை. நாயகனின் கஷ்டமே சிரிப்பாகிவிட்டது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

‘மண்டேலா’விலிருந்து (2021) தொடங்கலாம். யோகி பாபுவின் முடியையும் உடம்பையும் கிண்டலடித்தே பல படங்கள் கைதட்டல் வாங்கின. மடோன் அஸ்வின் அவரையே நாயகனாக்கினார். சூரங்குடியில் ஆளாளுக்கு ஏவி வேலை வாங்கும் முடிதிருத்தும் தொழிலாளி அவர். சொல்லிக்கொள்ள ஒரு பெயர்கூடக் கிடையாது. ஊராட்சித் தேர்தல் முடிவு அவருடைய ஒற்றை ஓட்டில் தொங்கும்போது, சாதியால் பிரிந்து கிடக்கும் இரு தரப்பும் அவருக்குப் பணிவிடை செய்யப் போட்டி போடுகின்றன. சிரிப்பெல்லாம் அவரைச் சுற்றிக் குழைகிற ஊர்ப் பெரியவர்கள் மேல்தான் விழுகிறது. சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த வசனம் என இரண்டு தேசிய விருதுகள் அந்தப் படத்துக்குக் கிடைத்தது நியாயமே.

அடுத்து நடிகர் மணிகண்டன். ‘குட் நைட்’டில் (2023) அவருடைய குறை குறட்டை. பழைய படமாக இருந்தால் இரண்டு நிமிடக் காமெடியோடு முடிந்திருக்கும். விநாயக் சந்திரசேகரன் அதை ஒரு தம்பதியின் வாழ்க்கைப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்கிறார். முதலில் குறட்டைச் சத்தத்துக்குச் சிரிக்கிறோம். பக்கத்தில் தூக்கமில்லாமல் படுத்திருக்கும் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. சத்தம் அதேதான்; நாம்தான் மாறியிருக்கிறோம்.

‘குடும்பஸ்தன்’ (2025) இன்னும் கூர்மை. கோயம்புத்தூர் நடுத்தரக் குடும்பம். சாதி மீறிய கல்யாணம். வேலை போகிறது, அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. கடனை அடைக்க இன்னொரு கடன். இத்தனைக்கும் நடுவே, பணத்தைக் காட்டியே மட்டம் தட்டும் அக்கா கணவராக குரு சோமசுந்தரம். சம்பளத் தேதியை எண்ணி வாழ்கிற யாருக்கும் இந்தக் கதையில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை. ‘நக்கலைட்ஸ்’ யூடியூப் குழுவிலிருந்து வந்த இயக்குநர் ராஜேஷ்வர் காளிசாமிக்குக் கொங்குப் பேச்சின் நக்கல் அத்துப்படி. அங்கே மரியாதையான ஒரு ‘ங்க’ சேர்த்தே ஒருவரைக் குத்திவிடலாம். அந்தப் பேச்சை அவர் வெறும் அலங்காரமாக வைக்கவில்லை. குடும்பத்துக்குள் யார் யாரைவிட மேல் என்ற கணக்கே அதில்தான் நடக்கிறது.

அதே 2025 பொங்கலுக்குத்தான், பன்னிரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்த சுந்தர்.சி.யின் ‘மதகஜராஜா’ வெளியாகி வெற்றி பெற்றது. அதில் மனோபாலாவின் சடலத்தை உயிருள்ள ஆள்போல் நடமாட வைக்கும் காட்சிக்குத் திரையரங்கம் குலுங்கியது. இரண்டு மாதம் கழித்து வந்த ‘பெருசு’விலும் ஒரு சடலம்தான் மையம். இளங்கோ ராம், தான் சிங்களத்தில் எடுத்த ‘டென்டிகோ’வையே தமிழுக்குக் கொண்டுவந்த படம் அது. இறந்துபோன அப்பாவின் உடலில் வெளியே சொல்ல முடியாத ஒரு சங்கடம். ஊர் துக்கம் விசாரிக்க வருவதற்குள் மகன்கள் அதை மறைத்தாக வேண்டும். முன்னதில் சடலமே வேடிக்கை. பின்னதில், மானத்தைக் காப்பாற்ற ஒரு குடும்பம் படும் பாடு வேடிக்கை. இரண்டுக்கும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் யோசிக்க வைத்தது ‘பெருசு’தான்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் (2025) இந்த வரிசைதான். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் கடல் தாண்டி வந்து, ஈழத்தமிழ் வாயிலிருந்து வழுக்கிவிடாமல் சென்னையில் வாழப் பார்க்கும் குடும்பம். மாட்டிக்கொள்வார்களோ என்ற பயத்தையே அபிஷன் ஜீவிந்த் சிரிப்பாக்குகிறார்.

இத்தனை பாராட்டிய பிறகும் ஒரு மனக்குறை இருக்கிறது. இந்தப் படங்களில் சிரிக்க வைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் பொறுத்துப் போகிறார்கள், அழுகிறார்கள், கடைசியில் மன்னிக்கிறார்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) மனோரமா, ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) ஊர்வசி, ‘சதிலீலாவதி’ (1995) கோவை சரளா ஆகியோர் வளர்த்த மரபு நம்முடையது. மலையாளத்தில் ‘ஜய ஜய ஜய ஜய ஹே’ (2022), அடிக்கிற கணவனைத் திருப்பி அடிக்கும் மனைவியை மையமாக வைத்தே ஒரு முழு நகைச்சுவைப் படத்தை நடத்திக் காட்டிவிட்டது. ‘குடும்பஸ்தன்’ படத்தில் வேலை போனதை மறைக்கும் கணவனிடம் எவ்வளவு சிரிப்பு இருக்கிறதோ, ஐ.ஏ.எஸ். கனவோடு அதே வீட்டில் மாமியாரைச் சமாளிக்கும் மனைவி வெண்ணிலாவிடமும் அவ்வளவு இருக்கிறது. அவள் பக்கத்திலிருந்து ‘குடும்பஸ்தன்’ போல ஒரு படம் தமிழில் வர வேண்டும். எழுத ஆள் இருக்கிறார்கள், நடிக்கவும் இருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் துணிய வேண்டும், நாமும் முதல் வாரமே டிக்கெட் எடுக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: திருட்டுப் பாட்டியும் திரிபுரசுந்தரியும் – ஊர்வசியின் நகைச்சுவை)