பந்து எங்கே இருந்தது?

பூல் மேசையில் தனியாகப் பயிற்சி செய்கிறவர்கள் ஒரு பந்து தவறிவிட்டால் உடனே அதே அடியை மறுபடி அடித்துப் பார்ப்பார்கள். இலக்குப் பந்தை எடுத்து இங்கேதான் இருந்தது என்று ஓரிடத்தில் வைப்பார்கள். வெள்ளைப் பந்தையும் ஏறத்தாழ பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். இந்த முறை பந்து குழிக்குள் விழுந்துவிடும். தவற்றைத் திருத்திக்கொண்டோம் என்று நிம்மதி. ஆனால் இரண்டாவதாக அடித்தது முதலில் அடித்த அதே அடிதான் என்பதற்கு என்ன சாட்சி? பந்துகள் இருந்த இடத்தை மேசையில் குறித்துவைக்காமல் செய்யும் பயிற்சியில் கை பழகலாம், பொழுதும் நன்றாகப் போகலாம். முன்னேறினோமா என்பது மட்டும் தெரியாது. மேசையில் அடையாளம் வைப்பதை அரைகுறை ஆட்டக்காரர்களின் ஊன்றுகோல் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். பூல் பந்தின் விட்டம் 2¼ அங்குலம். அதாவது 57 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். நேர் அடியில் வெள்ளைப் பந்து மோதும்போது 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகியிருந்தால் இலக்குப் பந்தின் பாதை சுமார் 1 டிகிரி திரும்பிவிடும். அந்தப் பந்து குழியிலிருந்து 50 அங்குலம் தள்ளி இருந்தால், குழியை அடையும்போது அந்த 1 டிகிரி 22 மில்லிமீட்டராக வளர்ந்திருக்கும். போட்டி மேசையின் மூலைக் குழிக்கு வாய் அகலம் ஏறக்குறைய 4½ அங்குலம். நடுவாக வரும் பந்துக்கு இருபுறமும் 28 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடம் மிஞ்சும். இப்படி ஒன்றேகால் மில்லிமீட்டரில் தீர்மானமாகும் ஆட்டத்தில், பந்தைக் கண் மதிப்பில் அரை அங்குலம் தள்ளி வைத்துவிட்டு அதே அடி என்று சொல்ல முடியுமா? இலக்குப் பந்திலிருந்து 25 அங்குலத்தில் இருக்கும் வெள்ளைப் பந்தை அரை அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தினாலே வெட்டும் கோணம் 1 டிகிரிக்கு மேல் மாறிவிடுகிறது.

மேசை விளிம்பில் பதித்திருக்கும் டயமண்ட் புள்ளிகள் போதாதா என்று கேட்கலாம். ஒன்பது அடி மேசையில் ஆடும் பரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். டயமண்டுகள் 12½ அங்குலத்துக்கு ஒன்றாக வரும். இரண்டாவது டயமண்டுக்கு நேரே, குஷனிலிருந்து ஒரு டயமண்ட் தூரத்தில் என்று நோட்டில் எழுதிக்கொள்ள அவை நல்ல முகவரி. பந்தைத் துல்லியமாக வைக்க வேறு ஏதாவது வேண்டும். அதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த பொருள் மிகச் சாதாரணமானது: கோப்பில் போடும் தாளின் ஓட்டை கிழியாமலிருக்க ஒட்டுவோமே, அந்த வட்ட ஸ்டிக்கர். அதன் நடு ஓட்டையில் பந்து அசையாமல் நிற்கும். மெதுவாக உருளும் பந்து அதன்மேல் ஏறினால் பாதை லேசாகப் பிசகக்கூடும் என்பதால், பந்துகள் ஓடும் வழியை விட்டு ஒட்டுவது நல்லது. வெள்ளைப் பந்து போய் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஏ4 தாளைப் போட்டுவைக்கலாம். இரண்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் தாள்தான். பந்து குழியில் விழுந்ததா என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். வெள்ளைப் பந்து நினைத்த இடத்தில் நின்றதா என்று தாள் இல்லாவிட்டால் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

உண்மையான ஆட்டத்தில் அடையாளம் ஏது என்பது வழக்கமான ஆட்சேபணை. அடையாளம் இல்லாமல் இந்த ஆட்டங்களே இல்லை. நம் உதகை கிளப்பில் 1882-ல் விதிகள் எழுதி மாட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஸ்னூக்கரில், மேசையில் கோடும் அரைவட்டமும் நிரந்தரமாக வரையப்பட்டிருக்கின்றன. பந்தைத் துடைக்க எடுக்கும் நடுவர் அது இருந்த இடத்தில் ஒரு கருவியை வைத்துவிட்டுத்தான் எடுக்கிறார். பூல் வகைகளில் ஒன்றான ஸ்ட்ரெய்ட் பூலில் முக்கோணச் சட்டத்தின் எல்லையைத் துணியில் குறித்திருக்க வேண்டும். தகராறு வரும் இடத்தில் நினைவை நம்பக் கூடாது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைவிட வலுவான ஆட்சேபணை ஒன்று உண்டு. ஒரே இடத்தில் பந்தை வைத்து ஐம்பது முறை அடித்தால் அந்த ஒரு அடிதானே வரும்? இதற்கு ஆய்வின் ஆதரவும் இருக்கிறது. 1978-ல் கெர், பூத் ஆகிய இருவர் எட்டு வயதுக் குழந்தைகளை இலக்கை நோக்கிச் சிறு பைகளை எறியவைத்தார்கள். ஒரு குழு 3 அடி தூரத்தில் மட்டும் பழகியது. மற்றது 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது நன்றாக எறிந்தது இரண்டாவது குழுதான். ஆகவே ஒரே புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்பது சரி. ஆனால் தூரங்களை அளந்து குறிக்காமல் இருந்திருந்தால் அந்த ஆய்வாளர்களுக்கே இந்த முடிவு கிடைத்திருக்காது. ஆக, ஸ்டிக்கரை விட்டுவிட வேண்டியதில்லை, ஒன்றுக்குப் பதில் ஏழெட்டு இடங்களில் ஒட்டி, வரிசை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் நாளில் மட்டும் ஒரே இடம், ஒரே எண்ணிக்கை. அதிலும் அவசரம் கூடாது. பத்துக்கு ஏழு போன வாரம், பத்துக்கு எட்டு இந்த வாரம் என்றால் அது முன்னேற்றமாகவும் இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். பல வாரக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

மிச்சமிருப்பது மேசைக்காரரின் கவலை, அது நியாயமானது. பூல் துணி பெரும்பாலும் கம்பளி நூலில் நைலான் கலந்து நெய்தது, விலை அதிகம். பேனா மை போகாது. பந்தின் தலையில் இன்னொரு பந்தால் தட்டிக் குழி பதிப்பதும் துணியைக் கெடுக்கும். எனவே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஸ்டிக்கரை ஒட்டுங்கள், கிளம்பும் முன் ஒன்று விடாமல் உரித்துவிடுங்கள், இடங்களை டயமண்ட் கணக்கில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வேறு மேசை கிடைத்தாலும் அளவு ஒன்றாக இருந்தால் அதே இடங்களில் மறுபடி ஒட்டலாம்.